நான் தைக்காத வரிசைகள்

போன மாதம் ஒரு புதன்கிழமை மதியம் என் வீட்டில் திருட்டு நடந்தது. திருட்டு என்றால்... எதுவும் காணாமல் போகவில்லை. கூடுதலாகியிருந்தது.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும் — ராஜபாளையத்தில் தனியாக இருக்கிறேன். ஸ்பின்னிங் மில் லேபில் முப்பத்தைந்து வருடம் நூலை எண்ணிப் பிழைத்தவன். எண்ணிக்கையில் தவறமாட்டேன் என்கிற திமிர் இன்னும் போகவில்லை. அன்று சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாயும்போது, போர்வையில் நான் தைத்து முடித்திருந்தது நாலு வரிசை. கண் விழித்துப் பார்த்தால் ஐந்து.

ஐந்தாவது வரிசை நேராக வேறு இருந்தது. நான் தைத்தால் நேராக வராது.

என்ன போர்வை, எழுபத்திரண்டு வயதில் உனக்கு எதற்குத் தையல் என்று கேட்பீர்கள். என் மகள் மீனா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். அவள் மகள் கயலுக்கு இந்த ஆவணியில் எட்டு வயது. பிறந்தநாளுக்குக் கொடுக்க ஒரு போர்வை. அதை ஆரம்பித்தது நான் இல்லை. என் மனைவி சரசு. மீனா கயலை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த சமயத்தில்.

மேலே சரசுவின் பழைய சுங்குடிச் சேலைத் துண்டுகள், சதுரம் சதுரமாக. அடியில் நான் கட்டி நைந்த வேட்டி. நடுவில் பேண்டேஜ் துணி, நாலு மடிப்பு. ஆமாம், காயத்துக்குக் கட்டுகிற அதே துணிதான். செட்டியார்பட்டித் தறியிலிருந்து சுருளாக வாங்கி வந்தாள். பஞ்சு வைத்தால் நம் ஊர் வெயிலுக்குப் பிள்ளை வெந்துபோகும், இதில் காற்று நுழையும் என்பது அவள் கணக்கு. மூன்றையும் அடுக்கி, ஒரு விரல்கடை தள்ளித் தள்ளி வரிசையாகக் கையால் நூல் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தையலும் மூன்றையும் பிடிக்க வேண்டும்.

பாதியில் நின்றுபோனது.

ஏன் நின்றது? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். இத்தனை வருடமாக உங்களிடம் என்னவெல்லாமோ பேசியிருக்கிறேன்... இதை மட்டும் பேசவில்லை.

சரசு இடது கைக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் விளக்கேற்றுவதும் பரிமாறுவதும் இடது கையால் என்று பார்த்ததும் நான் முகம் சுளித்தேன். அவள் மாற்றிக்கொண்டாள். கரண்டி, குங்குமம், கையெழுத்து — எல்லாம் வலது கைக்குப் போயின. ஊசி மட்டும் போகவில்லை. ஊசி பிடித்தால் இடது கைதான்.

மீனாவின் வளைகாப்புக்கு மறுநாள் சம்பந்தி வீட்டார் கூடத்தில் இருந்தார்கள். சரசு ஓர் ஓரமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாளின் பார்வை அவள் கைமேல் ஒரு நொடி நின்றது. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"பொறக்கப்போற பிள்ளைக்குப் போத்துறதப் பீச்சாங்கையிலயா தைப்ப? எந்திரி."

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊசியைத் துணியில் குத்தினாள், மடித்தாள், தகரப்பெட்டியில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் ஊசியைத் தொடவே இல்லை. என் சட்டைப் பொத்தான் அறுந்தால் தெருமுனை டெய்லரிடம் கொடுத்தனுப்பினாள். அது எனக்கு ஒரு பதில் என்று புரியவே வருடங்கள் ஆயின. புரிந்தபோது அவள் இல்லை. போய் இரண்டு வருடம் ஆகிறது.

திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா?

இந்தக் கோடை லீவுக்குக் கயல் வந்தாள். எழுதுவது இடது கை, சோறு பிசைவது இடது கை. "நீங்க சொன்னா கேப்பாப்பா" என்றாள் மீனா. எனக்குப் பெருமை. சொல்வதோடு விடுவேனா? பெட்டியைத் திறந்தேன். போர்வை மேலாக இருந்தது. சரசு குத்திய ஊசி துருப்பிடித்து அப்படியே நின்றது. அதை ஓரமாக நகர்த்திவிட்டு, அடியிலிருந்த பேண்டேஜ் சுருளில் இரண்டு முழம் வெட்டினேன். கயலின் இடது கையை, விரல் ஐந்தும் மூட, சுற்றிக் கட்டினேன். வலிக்காமல்தான் கட்டினேன். அதையும் ஒரு நியாயமாகச் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள். எழுதும்போதும் சாப்பிடும்போதும் கட்டு. அவள் ஒரு தடவைகூட அழவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது அந்தத் துணியை மடித்து மீனாவின் பையில் நானே வைத்தேன் — தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம், விடாமல் செய் என்று.

ஆனி மாதம் மீனா போன் செய்தாள். "இப்பச் சோத்துக்கையிலதான் எழுதுதாப்பா. ஆனா பேச்சே கொறஞ்சு போச்சு. கட்டாத நேரத்துலயும் அந்தக் கைய அடியில வச்சு அதும்மேல ஒக்காந்துக்கிடுதா."

போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு சும்மா உட்கார முடியவில்லை. குழந்தை தன் கைமேல் தானே உட்கார்ந்திருக்கிறாள்... அந்தப் படம் கண்ணை விட்டுப் போகவில்லை. மறுநாள் பெட்டியிலிருந்து போர்வையை வெளியே எடுத்தேன். பிறந்தநாள் பரிசு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வராதவர்கள்தானே பரிசு கொடுக்கிறார்கள்?

யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். துருப்பிடித்த ஊசியை உருவியபோது துணியில் ஒரு பழுப்புப் புள்ளி தங்கிவிட்டது. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. ஜன்னலோரம் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு, சரசு விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். வலது கைக்காரன் வலது ஓரத்தில் முடிச்சுப் போட்டு இடது பக்கமாகத் தைத்துப் போவான். இடது கைக்காரருக்கு நேர்மாறு. சரசுவின் வரிசைகளில் முடிச்செல்லாம் இடது ஓரத்தில். என்னுடையவை வலது ஓரத்தில். லேபிலிருந்து கொண்டுவந்த, நூல் எண்ணும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அவளுக்கு அங்குலத்துக்கு எட்டுத் தையல், பிசகாமல். எனக்கு ஐந்து, அதுவும் கோணல்.

அப்படி நாலு வரிசை முடித்த நாளில்தான் ஐந்தாவது வந்தது.

மறந்திருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வயது ஆகிறதே. மறுநாள் பென்சிலால் கோடு போட்டுவிட்டுச் சாய்ந்தேன். எழுந்தபோது கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு வரிசை. கதவைப் பார்த்தேன் — உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. மொட்டைமாடிக் கதவும் அப்படியே. வெளியே நல்ல வெயில். தெருவில் ஆளரவம் இல்லை. எதிர்வீட்டு நாய் மட்டும் என் ஜன்னலைப் பார்த்து விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது.

போர்வையைத் திருப்பி ஓரத்தைத் தடவினேன். முடிச்சு இடது பக்கம் இருந்தது.

நான் ஓடவில்லை. பயப்படவில்லை என்றுகூடச் சொல்வேன். அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன் — சந்தோஷப்பட்டேன். வந்துவிட்டாள்! கோபமில்லை அவளுக்கு. விட்ட வேலையை முடிக்க வந்துவிட்டாள். எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது, கேட்காமலேயே...

அதன்பிறகு தினமும் மதியம் ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுத்தான் கண்ணயர்ந்தேன். நாற்காலியை அவளுக்குத் தோதாக வெளிச்சம் வலப்பக்கம் விழும்படி திருப்பிப் போட்டேன். ஒருநாள் ஒரு டம்ளர் மோர்கூட வைத்தேன். எழுந்து பார்த்தால் டம்ளர் காலி. தினம் ஒரு வரிசை, சில நாள் இரண்டு. நானாகத் தைப்பதை நிறுத்தியேவிட்டேன்.

இத்தனையிலும் ஒன்று கவனித்தீர்களா? நூல் எண்ணும் கண்ணாடி மேஜைமேல் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் எண்ணியவன், அந்தப் புது வரிசைகளை ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் தெரிந்துவிடுமே!

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். கடையிலிருந்து திரும்பும்போது எதிர்வீட்டு அம்மாள் நிறுத்தினார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்; என்னிடம் பாதி அது, பாதி இது. நாய் என் வீட்டைப் பார்த்துக் குரைப்பதற்கு நான்தான் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏமி சார், ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

"இல்ல... தெனம் மத்தியானம் ஜன்னல்ல ஒக்காந்து தைக்கீகளே, நேத்து நாலு வாட்டி கூப்புட்டேன். திரும்பவே இல்ல நீங்க. கண்ணு தொறந்துதான் இருக்கு. நாயி அதப் பாத்துத்தான் கொலைக்கி."

நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன், நீங்கள் பார்த்தது வேறு யாரையாவது இருக்கும் என்றேன்.

"ஒங்க வீட்ல வேற யாரு சார் இருக்கா? நீங்கதான். மொகந்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. சின்னப்பிள்ளைக எழுதும்போது நாக்க லேசா வெளிய நீட்டிக்கிடுமே... அப்படி."

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். கையைப் பார்த்தேன். தைப்பவர்களுக்குத் தெரியும்: ஊசி பிடிக்கிற கை தப்பித்துக்கொள்ளும். துணிக்கு அடியில் தாங்குகிற கைதான் குத்து வாங்கும். நான் வலது கையால் தைத்த நாட்களில் குத்து வாங்கியது என் இடது கை. இப்போது இடது கை சுத்தமாக ஆறியிருந்தது. வலது ஆள்காட்டி விரல் நுனி முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது.

அதற்குமேல் தப்பிக்க வழியில்லை. கண்ணாடியை எடுத்தேன். எண்ணினேன்.

அங்குலத்துக்கு ஏழு. எல்லா வரிசையிலும் ஏழு. சரசு எட்டு. நான் ஐந்து. இந்த ஏழு யாருடையது?

ஒன்று மட்டும் தெரிந்தது. அவள் வரவில்லை. எனக்கு மன்னிப்பும் வரவில்லை.

வத்திராயிருப்பில் என் அக்கா இருக்கிறாள். எனக்கு எட்டு வயது மூத்தவள். காது மந்தம், நினைவு கத்தி. மறுநாள் பஸ் ஏறிப் போனேன். சுற்றி வளைத்து, நம் குடும்பத்தில் இடது கைக்காரர் யாராவது உண்டா என்று கேட்டேன். அவள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏலே, நெசமாத்தான் கேக்கியா?"

நிஜமாகத்தான் என்றேன்.

"நீதாம்லே பீச்சாங்கை. ஆறு வயசு வரைக்கும் ஒனக்கு எல்லாமே அந்தக் கையிதான். பள்ளிக்கூடத்துல சேக்கையில அப்பா, அம்மா சேலையக் கிழிச்சு ஒன் கையக் கட்டில் கால்ல சேத்துக் கட்டிப்புடுவாக. சோறு திங்கும்போதும் கட்டுத்தான். ஆறு மாசம் இருக்கும். நீ அழவே மாட்டியே... அதான் எங்களுக்குப் பயமா இருந்துச்சு."

எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஒரு துளிகூட இல்லை. ஒருவனுடைய கை அவனுக்குத் தெரியாமலே போக முடியுமா? போயிருக்கிறது. அறுபத்தாறு வருடம்.

"பெரிய படிப்புப் படிச்சான், நூல் நூலா எண்ணுனான்... தன் கையத் தெரியலியாம்" என்று அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஒம்பொண்டாட்டிக்குத் தெரியும்லே. கல்யாணம் முடிஞ்ச வருசமே நான் சொல்லிட்டேன். ஒங்கிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டா. அவுகளுக்கே மறந்து போனத நாம எதுக்குக் கிண்டணும்னா."

திரும்பி வருகிற பஸ்ஸில் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி வீட்டார் முன்னால் நான் அந்த வார்த்தையைச் சொன்னபோது, சரசுவின் கையில் ஒரே ஒரு பதில் இருந்தது. நீங்களும் அப்படித்தானே என்று கேட்டிருந்தால் நான் அத்தனை பேர் முன்னால் உடைந்திருப்பேன். அவள் கேட்கவில்லை. ஊசியைக் குத்தி, மடித்து வைத்துவிட்டாள். அதை நான் பணிவு என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, முழு விழிப்போடு, இடது கையில் ஊசியைப் பிடித்தேன். கூச்சமாக இருந்தது, அடுத்தவர் கையைப் பிடித்தது மாதிரி. ஒரு வரிசை ஓட்டினேன். எண்ணிப் பார்த்தேன்.

ஏழு.

ஆக, நான் தூங்கினால் அது விழித்துக்கொண்டிருக்கிறது. கட்டியவரும் போய், கட்டவிட்டவர்களும் போய், கட்டப்பட்டவனும் மறந்துபோன பிறகு... அது மட்டும் உள்ளே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறது. மீதி வரிசைகளை விழித்திருந்தே அந்தக் கையால் முடித்தேன். கடைசி மூலைக்கு வந்தபோது நடுத்துணி இல்லை. சுருளில் சரியாக இரண்டு முழம் குறைந்தது. அந்த இரண்டு முழம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூலையை வெறும் சேலையும் வேட்டியுமாகவே தைத்து மூடினேன்.

பிறந்தநாள்வரை காத்திருக்க முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நான் நுழையும்போது கயல் இடது கையில் கட்டோடு எழுதிக்கொண்டிருந்தாள். துவைத்துத் துவைத்து அந்தத் துணி சாம்பல் நிறமாகியிருந்தது. நானே அவிழ்த்தேன். விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. அவிழ்த்த நொடியே கயல் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

மீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மாவிடம் நான் சொன்ன வார்த்தையைச் சொல்லும்போது குறுக்கிட்டாள். "தெரியும்ப்பா. நான் அடுப்படியிலதான இருந்தேன். அம்மா தொடச்சுட்டு வந்த மொகத்தையும் பாத்தேன்."

தெரிந்துமா இந்தப் பிள்ளைக்குக் கட்டினாய் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க சொன்னீங்கல்லப்பா."



தரையில் உட்கார்ந்து போர்வையைக் கயல் மடியில் விரித்தேன். நான் செய்தது தப்பு, இனி யாரும் கட்ட மாட்டார்கள், என்னை மன்னித்துவிடு என்றேன். ஒரு குழந்தையிடம் மன்னிப்புக் கேட்பது இவ்வளவு கஷ்டமா? எனக்கு வியர்த்துவிட்டது. அவள் காதில் வாங்கினாளா என்றுகூடத் தெரியவில்லை. வலது கையால் சதுரங்களைத் தடவிக்கொண்டே போனாள். மூலைக்கு வந்ததும் கை நின்றது. சந்தேகமாக இருந்தது போல... அடியில் இருந்த இடது கை மெதுவாக வெளியே வந்தது. மூலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இங்க மட்டும் உள்ள ஒண்ணுமே இல்ல தாத்தா."

அங்கே வைக்க வேண்டிய துணிதான் உன் கையில் கட்டியிருந்தது, வேண்டுமானால் இப்போது பிரித்து வைத்துத் தைத்துவிடட்டுமா என்றேன்.

"வேண்டாம்" என்றாள். யோசித்தாள். "ஒங்களுக்கும் கட்டுனாங்களா? அம்மாகிட்டச் சொன்னீங்களே."

"ஆமா."

"வலிச்சுச்சா?"

"ஞாபகம் இல்லம்மா."

என் முகத்தைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. ஒரு தகவல் சொல்வது மாதிரிதான் சொன்னாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கும்."

இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும். மறந்தவன் என்ன செய்வான் என்பதை நான் பார்த்துவிட்டேன்.

இப்போது மதியத் தூக்கம் தூக்கமாகவே இருக்கிறது. எழுந்தால் எல்லாம் வைத்தது வைத்த இடத்தில். எதிர்வீட்டு நாயும் குரைப்பதில்லை. கயல் இடது கையால் எழுதுகிறாள் என்று மீனா சொன்னாள். என்னிடம் போனில் பேச இன்னும் வரவில்லை. சரசுவும் வரவில்லை. நாற்காலி மட்டும் ஜன்னலோரம் அவளுக்குத் தோதாகவே கிடக்கிறது. திருப்பிப் போட மனமில்லை.

வழக்கம்போல இந்தக் கட்டுரையைப் பேப்பரில் எழுதித்தான் அனுப்பினேன். டைப் செய்கிற தம்பி நேற்றுப் போன் செய்தார். "சார், இந்த வாரம் பாதிக்கு மேல கையெழுத்து வேறயா இருக்கே. யாரோ சின்னப் பையன் எழுதுன மாதிரி... வீட்ல யாரும் வந்திருக்காங்களா?"

வந்திருக்கிறான் என்றேன். ஆறு வயது.